வருடத்துக்கு 50,000 ரூபாய் இருக்கிறது: எந்த இன்ஷூரன்ஸை முதலில் போடுவது?

கோவையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் 34 வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 55,000 ரூபாய். மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. 62 வயது அப்பாவும் 57 வயது அம்மாவும் கூடவே இருக்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை. வேலைக்குப் போய்வர ஒரு 125 சிசி பைக். வீட்டுச் செலவுக்கு மாதம் 40,000 போகிறது. மீதியில் இழுத்துப் பிடித்தால் இன்ஷூரன்ஸுக்கென்று வருடம் 50,000 ரூபாய் ஒதுக்கலாம்.

இந்த 50,000 ரூபாயைக் கேட்டு நாலு பேர் வருவார்கள். சொந்தக்கார ஏஜென்ட் ஒருவர், ஆயுள் காப்பீடும் சேமிப்பும் கலந்த எண்டோமென்ட் பாலிசியை எடுத்துக்கொண்டு வருவார். வங்கிக்குப் போனால் அங்கே யூலிப், அதாவது பிரீமியத்தைச் சந்தையில் முதலீடு செய்யும் காப்பீடு. கூட வேலை செய்பவர் "ஒரு கோடிக்கு டேர்ம் போடுங்க, மற்றதெல்லாம் வேஸ்ட்" என்பார். டேர்ம் என்றால் இறந்தால் மட்டும் பணம் தரும், முதிர்வில் எதுவும் தராத ஆயுள் காப்பீடு. தெருவில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்து மூன்று லட்சம் பில் வந்த கதையைக் கேட்டதும் மருத்துவக் காப்பீடுதான் முதலில் என்று மனைவி சொல்வார். நாலு பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் நாலையும் வாங்கப் பணம் கிடையாது.

என் தீர்மானத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது நடந்தால் இந்தக் குடும்பம் திரும்ப எழுந்திருக்கவே முடியாதோ, முதல் ரூபாய் அதற்குத்தான் போக வேண்டும். முதிர்வில் எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்வி அதற்கப்புறம். நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. அதனால்தான் வீட்டுக்கு நாலு பாலிசிப் பத்திரம் இருந்தும், சம்பாதிக்கிறவர் போய்விட்டால் கைக்கு வருவது ஆறு லட்சமோ எட்டு லட்சமோதான்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1956-ல் 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி மத்திய அரசு எல்ஐசியைத் தொடங்கியது. மூன்று வருடத்தில் சென்னை மவுண்ட் ரோட்டில் எல்ஐசி கட்டடம் எழுந்தது. அந்தக் காலத்தில் அதுதான் ஊரின் உயரமான அடையாளம். எல்ஐசி பாலிசிகளுக்கு மத்திய அரசின் உத்தரவாதம் சட்டத்திலேயே இருக்கிறது. 1999-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கான ஐஆர்டிஏ சட்டம் வந்து தனியார் கம்பெனிகள் நுழையும் வரை, ஆயுள் காப்பீடு என்றாலே எல்ஐசி, எல்ஐசி என்றாலே சேமிப்பு. பெண்ணின் கல்யாணத்துக்கு, பையனின் படிப்புக்கு என்று எண்டோமென்ட் பாலிசியும், நடுநடுவே பணம் தரும் மணிபேக் பாலிசியும் போட்டு வளர்ந்த தலைமுறை அது. அவர்கள் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து ஊரில் சீட்டுக் கம்பெனி ஓடிப்போகும் காலத்தில், போட்ட பணம் பத்திரமாகத் திரும்பி வந்த இடம் அது. ஆனால் இன்றைக்கு 34 வயதுக்காரரின் முன்னால் இருக்கும் கணக்கு வேறு.

எண்டோமென்ட்டா, டேர்மா

வருடம் 50,000 ரூபாய் பிரீமியம், 20 வருடம், காப்பீட்டுத் தொகை 10 லட்சம் என்று ஒரு எண்டோமென்ட் பாலிசியை வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு 45 ரூபாய் என்று வருடா வருடம் போனஸ் அறிவிக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 10 லட்சத்துக்கு அது வருடம் 45,000 ரூபாய். கேட்கும்போது பெரிதாகத் தெரியும். கட்டுவது 50,000, போனஸே 45,000! ஆனால் அந்தப் போனஸ் கைக்கு வருவது 20 வருடம் கழித்து. நடுவில் அதற்கு வட்டி ஏறாது. போன வருடப் போனஸின் மேல் இந்த வருடப் போனஸ் கணக்கிடப்படுவதில்லை. மூலத் தொகையான 10 லட்சத்தின் மேல்தான் ஒவ்வொரு முறையும் கணக்கு. ஆக, முதிர்வில் 10 லட்சமும் 9 லட்சம் போனஸும் சேர்ந்து 19 லட்சம். கடைசியில் கூடுதல் போனஸ் கொஞ்சம் சேரலாம். வருடக் கணக்கில் பார்த்தால் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வருமானம்.

இதே 50,000 ரூபாயைப் பிரித்துப் போடுவோம். ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் பாலிசி. புகைபிடிக்காத, உடல்நலம் சரியாக உள்ள 34 வயதுக்காரருக்கு வருடப் பிரீமியம் 13,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி இது கூடும், குறையும். மீதி 37,000 ரூபாய், அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டமான பிபிஎஃப் கணக்குக்குப் போகிறது. பிபிஎஃப் வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்தில் நிற்கிறது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, இதே வட்டி நீடித்தால் 20 வருடத்தில் சுமார் 16.4 லட்சம் சேரும். 15 வருடத்தில் முதிரும் கணக்கை ஐந்து வருடம் நீட்டித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 20 வருடம் கழித்து இவர் உயிரோடு, நலமாக இருந்தால் எண்டோமென்ட்டில் இரண்டரை லட்சம் போல அதிகம் கிடைக்கும். டேர்ம் ஆதரவாளர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. மியூச்சுவல் ஃபண்டின் 12 சதவீதத்தைக் கணக்கில் போட்டு மறைத்துவிடுவார்கள். நான் வேண்டுமென்றேதான் பிபிஎஃப்பை எடுத்தேன். எண்டோமென்ட்டை விரும்புகிறவர் தேடுவது பாதுகாப்பை, அந்தப் பாதுகாப்புக்கு நிகரான இடத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இப்போது மறுபக்கம். பத்தாவது வருடம் அவர் இறந்துவிடுகிறார். எண்டோமென்ட் பாலிசியில் குடும்பத்துக்கு 10 லட்சமும் அதுவரை சேர்ந்த 4.5 லட்சம் போனஸும் வரும். மாதம் 40,000 செலவாகும் வீட்டுக்கு 14.5 லட்சம் மூன்று வருடத்துக்கு வரும். குழந்தைக்கு அப்போது 14 வயது. பிளஸ் டூ முடிக்கும் முன்பே பணம் தீர்ந்துவிடும். இதுவும் இன்றைய விலைவாசியில் சொன்னது. டேர்ம் வழியில் ஒரு கோடியும், பிபிஎஃப்பில் ஐந்தரை லட்சமும் இருக்கும். ஒரு கோடியை 6.5 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால்கூட மாதம் 54,000 ரூபாய் வந்துகொண்டிருக்கும். இந்த வித்தியாசத்துக்காக முதிர்வில் இரண்டரை லட்சத்தை விட்டுக்கொடுப்பதில் எனக்கு யோசனையே இல்லை.

"டேர்ம்ல கட்டின பணம் போயிடுமே" என்ற கேள்வி எப்போதும் வரும். போகும். அதைச் சமாளிக்கத்தான் கட்டிய பிரீமியத்தைத் திருப்பித் தரும் டேர்ம் பாலிசிகளை விற்கிறார்கள். சாதாரண டேர்மைவிட அவற்றின் பிரீமியம் கணிசமாக அதிகம். அந்த அதிகப்படியைத் தனியாகச் சேர்த்தாலே திருப்பித் தருவதைவிடக் கூடுதலாகச் சேரும். அதை வாங்க வேண்டாம்.

வரிச் சலுகைக்காக எண்டோமென்ட் போடுவது என்ற பேச்சும் இவருக்குப் பொருந்தாது. 80சி, 80டி என்று பழகிப்போன பிரீமியக் கழிவுகள் பழைய வரிமுறையில்தான் உண்டு. இப்போது தானாகவே பொருந்துவது புதிய வரிமுறை. அதில் 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரியே இல்லை. வருடம் 6.6 லட்சம் வாங்குகிறவர் எந்த வரியை மிச்சம் பிடிப்பார்? இன்னும் மார்ச் மாதத்தில் "டாக்ஸுக்காக ஒண்ணு போட்டுக்கோங்க" என்று யாராவது வந்தால், எந்த வரிமுறையில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

யூலிப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாது, சந்தை ஏற்ற இறக்கம் முழுக்க உங்கள் தலையில், காப்பீட்டுத் தொகை பெரும்பாலும் வருடப் பிரீமியத்தைப் போலப் பத்து மடங்கு. 50,000 கட்டினால் 5 லட்சம் கவர். பங்குச் சந்தையில் போட விருப்பமிருந்தால் நேராகவே மியூச்சுவல் ஃபண்டில் போடலாம். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் முதல் பாலிசியாக இதைச் சொல்லவே கூடாது.

டேர்ம் எடுக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். விண்ணப்பத்தில் புகைப் பழக்கம், பழைய அறுவைச் சிகிச்சை, வேறு கம்பெனியில் நிராகரிக்கப்பட்டது என்று எதையும் மறைக்காதீர்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி, ஒரு ஆயுள் பாலிசியை மூன்று வருடம் கடந்த பிறகு எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. முதல் மூன்று வருடத்தில் கேட்கலாம், கேட்பார்கள். இரண்டாவது, திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம். 1874-ஆம் ஆண்டுச் சட்டமான இதன் 6-வது பிரிவின் கீழ் பாலிசி எடுத்தால், தொகை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே சேரும். கணவர் வைத்துவிட்டுப் போன கடனுக்காக யாரும் அதில் கைவைக்க முடியாது. சென்னை மாகாணத்து இந்துக்களுக்கு 1913 முடிவிலேயே இந்தப் பாதுகாப்பைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. மற்ற மாகாணங்களுக்கு 1923-ல்தான் வந்தது. நூறு வருடத்துக்கு மேலாக நமக்கு இருக்கும் வசதி இது. விண்ணப்பிக்கும்போது ஒரு படிவத்தை நிரப்பினால் போதும், தனிக் கட்டணம் கிடையாது. தொழில் செய்பவர்கள், கடன் வைத்திருப்பவர்கள் அவசியம் கேட்டு வாங்க வேண்டும். பாலிசி கொடுத்த பிறகு இதைச் சேர்க்க முடியாது.

ஆபீஸ் பாலிசி போதுமா, சொந்தமாகவும் வேண்டுமா

மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குத் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது இது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் வைத்து, கலெக்டர் ஆபீஸில் அட்டை வாங்கலாம். தகுதியுள்ள குடும்பம் இதை வாங்காமல் தனியார் பாலிசிக்குப் பணம் கட்டுவது தேவையற்ற பாரம்.

நம் 34 வயதுக்காரர் இந்த இரண்டிலும் வரமாட்டார். அவருக்கு ஆபீஸில் 3 லட்சம் ரூபாய்க்குக் குரூப் பாலிசி இருக்கிறது. அது நல்ல பாலிசிதான். முதல் நாளிலிருந்தே பழைய நோய்களுக்கும் கவர் கிடைக்கும், பெரும்பாலும் பிரசவத்துக்கும் உண்டு. குறை ஒன்றே ஒன்று: வேலை போனால் கவரும் போகும். 45 வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்த பிறகு வேலை போய், அப்போது புதிதாகப் பாலிசி கேட்டால் பிரீமியமும் கூடும், பழைய நோய்களுக்குக் காத்திருப்பும் தொடங்கும். சிலருக்குப் பாலிசியே மறுக்கப்படும். சொந்தப் பாலிசியை நோய் இல்லாத வயதில் போட்டு வைத்தால், தேவை வரும்போது காத்திருப்புக் காலம் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் ஆபீஸ் பாலிசி இருந்தாலும் கணவன், மனைவி, குழந்தை மூவருக்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் சொந்தமாக வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். இந்த வயதில் வருடம் 18,000 ரூபாய் போல ஆகும் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்பு டேர்முக்கும் மருத்துவப் பாலிசிக்கும் 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம்.

எந்தக் கம்பெனி என்பதைவிட, பாலிசிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் ஆஸ்பத்திரி வாசலில் உங்கள் பணத்தைத் தீர்மானிக்கும். குறிப்பாக அறை வாடகை.

5 லட்சம் ரூபாய் பாலிசி, அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அதாவது நாளுக்கு 5,000. அட்மிஷன் போடும் நேரத்தில் "5,000 ரூபாய் ரூம் காலியில்லை, 8,000 ரூபாய் ரூம்தான் இருக்கு" என்கிறார்கள். நாலு நாளுக்கு வித்தியாசம் 12,000 ரூபாய்தானே, கையிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவோம். டிஸ்சார்ஜ் அன்று பில் வருகிறது. அறை 32,000. டாக்டர், மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்திய சாதனம் 60,000. மொத்தம் 2,12,000. பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கிறதே, முழுவதும் வந்துவிடும் என்று எதிர்பார்ப்போம். வருவது இப்படி: அறைக்கு 20,000. டாக்டர், தியேட்டர் கட்டணங்களிலும் எட்டில் ஐந்து பங்குதான், அதாவது 75,000. மருந்தும் பரிசோதனையும் சாதனமும் இந்த வெட்டில் வராது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி இருப்பதால் 60,000 முழுவதும் கிடைக்கும். ஆக 1,55,000. கையிலிருந்து 57,000. அறையின் தகுதி ஏறினால் ஆஸ்பத்திரிகள் மற்ற கட்டணங்களையும் ஏற்றிப் போடுவதால், கம்பெனியும் அதே விகிதத்தில் குறைக்கிறது.

எனவே இரண்டு பாலிசிகளை ஒப்பிடும்போது ஆயிரம், இரண்டாயிரம் பிரீமியம் கூடினாலும் அறை வாடகை வரம்பு இல்லாததை எடுங்கள். அதற்கு வசதியில்லை என்றால் 'ஒற்றை தனி அறை' என்று அறை வகையைச் சொல்லியிருப்பதாவது இருக்கட்டும். ரூபாயில் வரம்பு போட்டது இன்று சரியாக இருக்கும், பத்து வருடம் கழித்து எந்த அறைக்கும் போதாது. கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா, கோ-பே எவ்வளவு என்பதையும் அதே தாளில் பாருங்கள். 20 சதவீதம் கோ-பே என்றால் ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கு உங்களுடையது.

அடுத்து, நோயைச் சொல்வது. சர்க்கரை இருப்பதை எழுதினால் பிரீமியம் ஏறும், எழுத வேண்டாம் என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் இன்றும் இருக்கிறார்கள். நடப்பது என்ன தெரியுமா? நெஞ்சுவலி என்று அப்பாவை அட்மிட் செய்வார்கள். டியூட்டி டாக்டர் கேட்கும்போது கூட வந்தவர் "பத்து வருஷமா சுகர் இருக்குங்க" என்பார். கேஸ் ஷீட்டில் அது அப்படியே ஏறும், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும். பாலிசி எடுத்து மூன்று வருடம்தான் ஆகியிருக்கும். கம்பெனிக்காகக் கிளைமைப் பரிசீலிக்கும் டிபிஏ அந்த ஒரு வரியை எடுத்துவைத்துக்கொண்டு கிளைமை நிறுத்திவிடும், பாலிசியே ரத்தாகலாம். இதையே முதலில் எழுதியிருந்தால், 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி பழைய நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். அதற்குப் பின் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய மருத்துவப் பாலிசியை, மோசடி நிரூபணமானால் தவிர, தகவல் சொல்லவில்லை என்ற காரணத்துக்காக நிராகரிக்க முடியாது. அந்த ஐந்து வருடத்தை நம்பி மறைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 62 வயதில் நெஞ்சுவலி ஐந்து வருடம் காத்திருக்காது.

பெற்றோருக்கு என்ன செய்வது

இந்தக் குடும்பத்தின் கடினமான கேள்வி இதுதான். ஃப்ளோட்டர் பாலிசியில் பிரீமியம், உள்ளே இருப்பவர்களில் மூத்தவரின் வயதை வைத்து ஏறும். எனவே 34 வயதுக்காரரின் பாலிசியில் 62 வயது அப்பாவைச் சேர்ப்பது எல்லோருக்கும் நஷ்டம். பெற்றோருக்குத் தனியாகத்தான் போட வேண்டும். இப்போது எந்த வயதிலும் பாலிசி கேட்கலாம், 65 வயது என்ற எல்லை 2024-ல் போய்விட்டது. ஆனால் சர்க்கரை உள்ள 62 வயதுக்காரருக்கும் மனைவிக்கும் 5 லட்சம் கவர் என்றால், இளம் குடும்பத்துக்கு ஆகும் பிரீமியத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்பார்கள். நம்மிடம் அவ்வளவு இல்லை.

இங்கே எனக்குச் சரியாகப் படுவது சூப்பர் டாப்-அப். முதல் 3 லட்சம் உங்கள் பொறுப்பு, அதற்கு மேல் 10 லட்சம் வரை எங்கள் பொறுப்பு என்பது அதன் கணக்கு. கீழே உள்ள 3 லட்சத்தை ஆபீஸ் பாலிசி கொடுத்தாலும் சரி, கைப்பணம் கொடுத்தாலும் சரி. கீழ்த்தட்டு கம்பெனி தலையில் இல்லாததால் பிரீமியம் நன்றாகக் குறையும். ஆபீஸில் கேட்டுப் பாருங்கள். பல கம்பெனிகள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு பெற்றோரையும் குரூப் பாலிசியில் சேர்க்கின்றன. சேர்த்துவிட்டால் அப்பாவின் சர்க்கரைக்கும் முதல் நாளிலிருந்தே 3 லட்சம் கவர். அதற்கு மேல் சூப்பர் டாப்-அப்.

வாங்கும்போது 'சூப்பர்' இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் டாப்-அப் ஒவ்வொரு அட்மிஷனையும் தனித்தனியாகப் பார்க்கும். எல்லை 3 லட்சம் என்று வையுங்கள். அப்பா ஒரே வருடத்தில் இரண்டு முறை அட்மிட் ஆகி, ஒவ்வொன்றுக்கும் 2.5 லட்சம் பில் வந்தால், எதுவுமே 3 லட்சத்தைத் தாண்டவில்லை என்று டாப்-அப் ஒரு ரூபாயும் தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 5 லட்சம் என்று எடுத்துக்கொண்டு, 3 லட்சத்துக்கு மேலுள்ள 2 லட்சத்தைக் கொடுக்கும்.

பைக்கில் போகிறவருக்கு

டேர்ம் பாலிசி இறந்தால் பணம் தரும். லாரி இடித்துக் கால் போய், உயிர் தப்பி வீட்டில் உட்கார்ந்துவிட்டால் தராது. தினமும் பைக்கில் போகும் மனிதருக்கு இந்த ஆபத்து நிஜம். நிரந்தர ஊனத்துக்கும் பணம் தரும் தனிநபர் விபத்துப் பாலிசி மலிவு. 2,000 ரூபாய் ஒதுக்கினால் உருப்படியான தொகைக்குக் கிடைக்கும். அதற்கு முன்னால் வங்கியில் இரண்டு படிவம் எழுதிக் கொடுங்கள். பிரதமர் சுரக்ஷா பீமாவில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் கவர், 70 வயது வரை. ஜீவன் ஜோதி பீமாவில் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் கவர், 50 வயதுக்குள் சேர வேண்டும். நம் குடும்பத்தில் கணவனும் மனைவியும் இரண்டிலும் சேரலாம், அம்மாவும் அப்பாவும் 20 ரூபாய்த் திட்டத்தில் சேரலாம்.

ஒரு சின்ன வேலை சொல்கிறேன். வீட்டில் உள்ள எல்லோருடைய பாஸ்புக்கையும் எடுத்து மே, ஜூன் மாதப் பக்கத்தைப் பாருங்கள். 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடித்திருந்தால், அந்தக் கணக்குக்குக் கவர் இருக்கிறது. எப்போதோ வங்கியில் கையெழுத்து வாங்கிச் சேர்த்திருப்பார்கள், பணம் வருடா வருடம் போய்க்கொண்டிருக்கும். இறந்தவரின் குடும்பத்துக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாததால் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வண்டி இன்ஷூரன்ஸில் தர்ட் பார்ட்டி கட்டாயம், அதில் தேர்வுக்கே இடமில்லை. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு 714 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 843. இது போலீஸுக்குக் காட்ட வேண்டிய காகிதம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் வண்டி இடித்து ஒருவர் இறந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. பாலிசி இருந்தால் கம்பெனி கட்டும், இல்லாவிட்டால் வண்டிச் சொந்தக்காரரின் வீடு, நிலத்தின் மேல் அந்தச் சுமை இறங்கும். புது பைக் வாங்கும்போது ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியிருப்பீர்கள், ஆறாவது வருடத்தில்தான் பலரும் மறந்துபோகிறார்கள். சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்துப் போடுவது வண்டியின் மதிப்பைப் பொறுத்தது. பத்து வருடப் பழைய பைக்குக்குத் தர்ட் பார்ட்டி மட்டும் போதும். கார் வைத்திருந்து, சென்னையில் தண்ணீர் தேங்கும் பகுதியில் குடியிருந்தால் எஞ்சின் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீருக்குள் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனவர்கள், சாதாரணப் பாலிசியில் அதற்குப் பணம் கிடையாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

50,000 எப்படிப் பிரிகிறது

டேர்முக்கு 13,000. மூவருக்கான மருத்துவப் பாலிசிக்கு 18,000. விபத்துக்கு 2,000, வங்கித் திட்டங்களுக்கு ஆயிரத்துக்குள். மீதி 16,000 பெற்றோருக்கு: ஆபீஸ் பாலிசியில் சேர்க்கும் கட்டணமும் சூப்பர் டாப்-அப்பும். இதில் பிபிஎஃப்புக்கு இடமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மேலே எண்டோமென்ட்டோடு ஒப்பிடுவதற்காகப் போட்ட 37,000 ரூபாய் இந்த வீட்டில் ஆஸ்பத்திரிப் பயத்துக்கே போய்விடுகிறது. சேமிப்பைச் சம்பள உயர்விலிருந்து தொடங்க வேண்டியதுதான். பெற்றோர் இல்லாத, அல்லது பெற்றோருக்கு அரசு ஓய்வூதிய மருத்துவ வசதி உள்ள வீட்டுக்கு இந்த நெருக்கடி இருக்காது.

ஒருவேளை கிளைம் நிராகரிக்கப்பட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைக் கேட்பார்கள். கம்பெனி நிராகரித்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

ஏற்கெனவே எண்டோமென்ட் ஓடிக்கொண்டிருந்தால்

இதை வாசிப்பவர்களில் பலர் இந்த நிலையில்தான் இருப்பீர்கள். வழி மூன்று: தொடர்ந்து கட்டுவது, பிரீமியத்தை நிறுத்திவிட்டுக் குறைந்த தொகையோடு பாலிசியை வைத்திருப்பது (பெய்டு-அப்), முதிர்வுக்கு முன்பே பாலிசியை ஒப்படைத்துப் பணம் வாங்குவது (சரண்டர்). இதுவரை கட்டியதை நினைத்து முடிவெடுத்தால் கணக்கு தவறும். இனி கட்டப்போவது எவ்வளவு, அதற்காகக் கிடைக்கப்போவது எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். முதிர மூன்று நாலு வருடம்தான் பாக்கி என்றால் கட்டி முடித்துவிடுவதே பெரும்பாலும் லாபம். 20 வருடப் பாலிசியில் நாலைந்து வருடம்தான் ஆகியிருக்கிறது என்றால், பெய்டு-அப் நல்ல நடுவழி. 10 லட்சம் பாலிசியில் ஐந்து வருடம் கட்டி நிறுத்தினால் காப்பீட்டுத் தொகை 2.5 லட்சமாகக் குறையும், அதுவரை சேர்ந்த போனஸோடு முதிர்வில் வரும், இனிப் பிரீமியம் இல்லை. சரண்டர் செய்தால் பணம் உடனே கிடைக்கும், ஆனால் கட்டியதைவிடக் குறைவாக இருக்கும். 2024 அக்டோபருக்குப் பின் வந்த பாலிசிகளில் முதல் வருடப் பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தாலே ஏதோ ஒரு சரண்டர் மதிப்பு உண்டு. வாங்கி 30 நாள் ஆகவில்லை என்றால் இதெல்லாம் தேவையே இல்லை. பாலிசியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், சிறு பிடித்தம்தான் இருக்கும்.

கிளைக்குப் போய்ப் பெய்டு-அப் மதிப்பு, சரண்டர் மதிப்பு இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆனால் அன்றே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் டேர்முக்கு விண்ணப்பியுங்கள். ரத்தப் பரிசோதனையில் உங்களுக்கே தெரியாத ஏதாவது வெளிப்பட்டு டேர்ம் மறுக்கப்பட்டால், கையில் இருக்கும் அந்தப் பத்து லட்சம்தான் குடும்பத்துக்கு இருக்கும் ஒரே கவர். மருத்துவப் பரிசோதனை முடிந்து, புதுப் பாலிசிப் பத்திரம் வந்து, அதில் பெயர், பிறந்த தேதி, நாமினி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பழைய பாலிசியின் கிளைக்குப் போங்கள்.